உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை

பியர்பொன்ட்ஸ் புறநகரில் சுந்தரராஜன் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு புகழ்மண்டபம் இருந்தது மாண்ட்ரியால் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்றால் என்ன, எழுபத்தேழாம் வருஷத்தில் அத்தனை பேரையும் இரண்டு பள்ளிக்கூட பஸ்ஸில் அடைத்துவிடலாம். ஒரு விஷயம் தெரியாமல் இருப்பதுதான் அப்போது கஷ்டம்.

அசல் மண்டபம் ஹாமில்டனில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஃபுட்பால் ஆட்டக்காரர்களில் பெரிய ஆட்களாகப் பொறுக்கி, அவர்கள் தலையை உலோகத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே பொறுக்குகிறவர்களுக்குக் கண் சரியில்லை என்பது சுந்தரராஜனின் கட்சி. அவர் பாலம் கட்டும் எஞ்சினியர். ஸ்ரீரங்கத்திலிருந்து கிண்டி வழியாக இங்கே வந்தவர். வாழ்நாளில் ஒரு பந்தையும் ஒழுங்காகப் பிடித்ததில்லை. அதிலும் இந்த ஊர் ஃபுட்பால் இருக்கிறதே, அதற்குப் பேர்தான் அப்படி. பந்து முக்கால்வாசி நேரம் கையில்தான் இருக்கும். ஒருத்தன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் அவன் மேல் போய் விழுவார்கள். வந்த புதிதில் ஆபீஸ்காரர்கள் யாரோ ஓசி டிக்கெட் கொடுத்தார்கள். குளிரில் காது மரத்துப்போன அன்றே மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

தனியாகப் பைத்தியமாக இருந்தால் பொழுது போகாது என்று இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் புள்ளியியல் பேராசிரியர் சண்முகவேல். அவர் மனைவி வருஷத்தில் பாதி மதுரையில் இருப்பார். மீதிப் பாதி இங்கே எதற்கு வருகிறோம் என்று அந்த அம்மாளே கேட்பதுண்டு. இன்னொருவர் மயக்க ஊசி டாக்டர் ஸ்ரீகுமார். கர்க்லாண்டில் பெரிய வீடு, வீட்டுக்குள் மனைவி அனுசூயா, அனுசூயாவின் கையில் டெலிபோன்.

ஒவ்வொரு நவம்பரிலும் கிரே கப் இறுதி ஆட்டம் டிவியில் முடிந்ததும் மூவரும் அங்கேயே உட்கார்ந்து, ஓய்வுபெற்றவர்களில் யார் இந்த வருஷம் சுவரேறத் தகுதியானவர் என்று சண்டை போடுவார்கள். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் படம் ஏறும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவர்கள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

இதுவரை யாருக்கும் தொந்தரவில்லை. தொந்தரவு மாலையில் ஆரம்பித்தது.

முதல் வருஷம் அவர்கள் தேர்ந்தெடுத்தது முப்பதுகளில் ஆடி எப்போதோ செத்துப்போன ஒரு ஆளை. மைசூரிலிருந்து சுந்தரராஜனின் தங்கை சுவாமி படங்களுக்கென்று ஒரு பெட்டி நிறைய சந்தனச் சீவல் மாலைகள் அனுப்பியிருந்தாள். அதில் ஒன்றை எடுத்துப் படத்துக்குப் போட்டார்கள். செத்தவர் படத்துக்கு மாலை போடுவது முறைதானே. அடுத்த வருஷம் ஏறியவரோ உயிரோடு இருந்தார். அவருக்கும் போட்டார்கள். "ஒருத்தருக்குப் போட்டுட்டு இன்னொருத்தருக்குப் போடலைன்னா பாரபட்சம் ஆயிடும்" என்று சண்முகவேல் சொன்னாராம். பேஸ்மென்ட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் அந்தக் கையை அங்கேயே தட்டிவிட்டிருப்பாள். மூன்று ஆண்பிள்ளைகள், மூன்று பட்டங்கள், வாசலில் கழற்றாத பூட்ஸ். யார் சொல்வது?

மறுநாள் துணி துவைக்கக் கீழே போன அலமு பார்த்தாள்.

"ஏன்னா, உசிரோட இருக்கறவா படத்துக்கு மாலை போடுவாளா? என்ன காரியம் பண்ணியிருக்கேள்!"

"நம்ம சாஸ்திரமெல்லாம் கியூபெக்ல செல்லுபடியாகாது அலமு. அவன் கத்தோலிக்கன். அவனுக்கு ஒட்டாது."

அந்தக் கத்தோலிக்கர் அந்தக் குளிர்காலமே வாசலில் பனி தள்ளும்போது மண்வெட்டியைப் பிடித்தபடி சரிந்து போனார். அடுத்த வருஷம் மாலை வாங்கியவர் லாரன்ஷியன் மலை ரோட்டில் கார் வழுக்கிப் போனார். போன வருஷத்து ஆள் லவால்காரர், ஆறரை அடி உயரம், எருமை மாதிரி ஆரோக்கியம். அலமு இந்தத் தடவை விடவில்லை. படம் ஏறிய மறுநாளே யாருக்கும் தெரியாமல் மாலையைக் கழற்றிப் பெருமாள் படத்தின் பின்னால் வைத்துவிட்டாள். பலனில்லை. மார்கழி பிறப்பதற்குள் அவரும் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். போட்டது போட்டதுதான்போல.

அனுசூயா இதை டெலிபோனில் கர்க்லாண்டிலிருந்து கிழக்குக் கோடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். யாராவது சண்முகவேலைக் கேட்டால் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: "பருத்த உடம்பு, வயசான ஆளுங்க, சாகத்தான் செய்வாங்க. மூணு பேரை வச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க. இன்னும் ஒரு முப்பது பேருக்குப் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

அலமுவுக்கு அந்த முப்பது பேரைப் பற்றிக் கவலை இல்லை. அவளுடைய கவலை ஒரே ஒருத்தரைப் பற்றி. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார்.

லூசியன் பெல்மார். ஐம்பதுகளில் இந்த ஊர் அணிக்கு கார்டாக ஆடியவர். கார்ட் என்றால் பந்தைத் தொடாதவன். பந்து வைத்திருப்பவன் மேல் விழ வருகிறவனைத் தான் போய் முட்டி நிறுத்துகிறவன். அதனால் பத்திரிகையில் பேர் வராது, முழங்கால் மட்டும் போகும். பெல்மாருக்கு இரண்டும் போயிருந்தன. மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்களாகிறது. பிள்ளைகள் இல்லை. எழுபத்தொன்றாம் வருஷப் பெரும்பனியில் நகரமே புதைந்து கிடந்தபோது அலமுவுக்கு வயிற்றில் குடல்வால் வெடித்தது. சுந்தரராஜன் டவுன்டவுனில் ஆபீஸ் மேஜைமேல் படுத்திருந்தார். ஆம்புலன்ஸ் தெருமுனைவரைகூட வரவில்லை. பெல்மார்தான் அவளைக் கம்பளியில் சுற்றி, ஒரு சறுக்குப் பலகையில் கட்டி, அந்த முழங்கால்களோடு பெரிய ரோடுவரை இழுத்துப்போய் போலீஸ்காரனின் பனிவண்டியில் ஏற்றினார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ரசம் போகும், அடை போகும், வேலிக்கு மேலாக நலம் விசாரிப்பு போகும். தெருவில் பகல் வேளையில் அலமு வாய்விட்டுப் பேசிய ஒரே ஆத்மா அவர். இதையும் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். சொல்லட்டும்.

அந்த வருஷ இலையுதிர்காலமே நன்றாக இல்லை. கியூபெக்கைத் தனிநாடாக்குவோம் என்றவர்கள் ஜெயித்த தேர்தலுக்குப் பிறகு, இனி எல்லாம் பிரெஞ்சில்தான் என்ற மொழிச் சட்டத்துக்குப் பிறகு, இங்கிலீஷ்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக டொரொன்டோவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வீடு விற்பனைப் பலகை. காலையில் எழுந்தால் ஏதாவதொரு வாசலில் சாமான் லாரி நிற்கும். விளக்கெரியாத ஜன்னல்கள் கூடிக்கொண்டே வந்தன. அந்தச் சமயம் பார்த்து சுந்தரராஜன் ஒரு பியர் பாட்டிலோடு பெல்மாரைக் கீழே அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார்.

மேலே வரும்போது அந்தப் பெரிய மனிதரின் கண் சிவந்திருந்தது. சுவரில் இருந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு முன்னால் நின்று முட்டுக் கொடுத்தவர் அவர். ஹாமில்டனிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பு வரும், அவர் பேர் வராது.

"என்ன வாசனை மதாம் ராஜன், அந்த மாலை!" என்றார். இங்கிலீஷும் பிரெஞ்சும் கலந்து அவர் பேசுவதை அலமு பாதி காதாலும் பாதி கையசைப்பாலும் புரிந்துகொள்வாள். "உங்க புருஷன் சொல்றார், இந்த வருஷம் என் பேரைச் சொல்லப் போறாராம்."

அலமுவின் கையில் இருந்த கரண்டி நின்றது.

அடுத்த நாள் வேலியோரம் அவள் நேராகவே சொல்லிப் பார்த்தாள். எங்கள் ஊரில் செத்தவர் படத்துக்குத்தான் மாலை போடுவோம், இருக்கிறவருக்குப் போட்டால் எமனை வாசலில் நின்று கூப்பிட்ட மாதிரி, அந்த மூன்று பேரையும் பாருங்கள் என்றாள். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"மதாம், நான் செத்தப்புறம் போட்டா அதை யார் பாக்கறது?"

இதற்கு என்ன பதில் சொல்வது?  உங்களுக்குத் தெரியுமா?

ஆகவே அவள் தேர்தல் வேலையில் இறங்கினாள். ஸ்ரீகுமாரின் ஆள் ஹாலரன் என்ற ஒரு உதைக்காரன். அந்த ஆட்டத்தில் நிஜமாகவே காலால் உதைக்கிற இரண்டொருவரில் ஒருவன். எல்லாவற்றுக்கும் மேலாக, செத்து வருஷக் கணக்காகிறது. அவனுக்கு எத்தனை மாலை வேண்டுமானாலும் போடலாம். அதுவரை ஸ்போர்ட்ஸ் பக்கத்தைக் கறிவேப்பிலை காயவைக்க மட்டுமே விரித்த அலமு, திடீரென்று காப்பி கொடுக்கும் சாக்கில் "என்ன இருந்தாலும் ஹாலரன் உதைச்ச மாதிரி வருமா?" என்று சொல்ல ஆரம்பித்தாள். சுந்தரராஜனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருஷத்தில் பெண்டாட்டி முதல் தடவையாக ஃபுட்பால் பேசுகிறாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையே அந்த வழியும் அடைபட்டது. இந்த வருஷம் பெல்மார், வரும் வருஷம் ஹாலரன் என்று டாக்டரும் எஞ்சினியரும் கை குலுக்கிவிட்டார்கள். சண்முகவேல் எப்போதும் கடைசியில் பேசியவர் பக்கம்.

அன்று மத்தியானம் அலமு அனுசூயாவுக்குப் போன் செய்தாள். செய்யும்போது என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அடுக்களை டிவியில் யாரோ ஒட்டாவாவில் பனி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியே பெல்மார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவது தெரிந்தது.

"அனு, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அந்த பெல்மார் இருக்காரே, ஒட்டாவா பையன் ஒருத்தன் முழங்காலை வேணும்னே உடைச்சாராமே? அதனாலதான் ஹாமில்டன்ல சேத்துக்க மாட்டேங்கறாளாம்."

மறுமுனையில் அனுசூயா மூச்சை உள்ளே இழுத்தாள். எரியும் அடுப்பில் எண்ணெய் விழுந்த சத்தம் அப்படித்தான் இருக்கும்.

"ஐயையோ! யார் மாமி சொன்னாங்க?"

"யாரோ சொன்னா."

உயிரைக் காப்பாற்றப் பேரைக் கொல்கிறோம், பரவாயில்லை, பேர் இல்லாமல் ஒரு மனுஷன் உட்கார்ந்து ரசம் குடிக்கலாம், உயிர் இல்லாமல் முடியுமா என்று அலமு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை பஜனையில் அந்த முழங்கால் வீடு வீடாகப் போயிற்று. ஞாயிறு காலை அது அலமுவிடமே திரும்பி வந்தபோது பையனுக்குக் காலையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

"மாமி, கேட்டீங்களா? அந்தப் பையனோட அம்மா கோர்ட்டுக்கே போனாங்களாம்!" என்றாள் அனுசூயா, தான் யாரிடம் கேட்டதை யாரிடம் சொல்கிறோம் என்ற நினைவே இல்லாமல். அலமுவும் ஒரு நிமிஷம் "அப்படியா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த ஞாயிறு கிரே கப் நம் ஊரிலேயே நடந்தது. ஒலிம்பிக் ஸ்டேடியம் தரை கண்ணாடியாக உறைந்து கிடக்க, ஆட்டக்காரர்கள் பசுமாடு ஐஸில் நடப்பது போல் நடந்தார்கள். நம் அணி ஜெயித்தது. பேஸ்மென்ட்டில் கைதட்டல். பெல்மாரும் கூட இருந்து பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் சுந்தரராஜன் சபாநாயகர் தோரணையில், விவாதம் முடியும்வரை வேட்பாளர் வெளியே இருக்க வேண்டும் என்று அவரை மாடிக்கு அனுப்பினார்.

ஆகவே அடுக்களை மேஜையில் அலமுவும் பெல்மாரும் எதிரெதிரே. பேஸ்மென்ட் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. கீழிருந்து குரல்கள் படியேறி வந்தன. பெல்மார் கழுத்தில் டை கட்டியிருந்தார். அலமு அவரை டை கட்டிப் பார்த்ததே இல்லை. எதிரே வைத்த பஜ்ஜியை அவர் தொடவில்லை.

"கட்டடத்துல எல்லாரும் முகப்பைத்தான் பாக்கறா. உள்ளே இருக்கற பீமை எவன் பாக்கறான்? அது நகர்ந்தாத்தான் தெரியும். பெல்மார் பீம், சார்!" இது சுந்தரராஜன்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டார் பெல்மார்.

"ஹாலரன் நல்லா உதைப்பான்கறார்" என்றாள் அலமு.

"பீம் சரி ராஜன். ஆனா எதை வச்சு அளக்கறது? ஓடினவனுக்கு கஜக் கணக்கு இருக்கு. உதைச்சவனுக்குப் பாயிண்ட் இருக்கு. கார்டுக்கு என்ன இருக்கு?" இது சண்முகவேல்.

"அவன் ஆடின வருஷமெல்லாம் பந்தை வீசற நம்ம க்வார்ட்டர்பேக் எத்தனை தடவை விழுந்தான்னு பாருங்கோ. விழாததுதான் அவனோட கணக்கு!"

"விழாததை எப்படிப்பா எண்ணறது? வீட்டுக்கு வராத திருடனை எண்ணற மாதிரி இருக்கு."

"உங்களைச் சுவரேத்தச் சொன்னா நீங்க சுவரையே அளப்பேள்."

பெல்மார் முன்னால் குனிந்தார். "இப்போ?"

"எண்ணிக்கை போறாதாம்" என்றாள் அலமு. அதுவாவது பாதி உண்மை.

அவர் தலையாட்டினார். "சரிதான். எங்களுக்கு எண்ணிக்கை கிடையாது" என்றார். அலமு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அப்போது ஸ்ரீகுமார் தொண்டையைக் கனைத்தது மேலேவரை கேட்டது. "அதெல்லாம் இருக்கட்டும். என் மிஸஸ் ஒண்ணு சொன்னா. ஒட்டாவா மேட்டர். டெலிபரேட்டா ஒரு பையனோட காலை உடைச்சிருக்கார்னு ஊரெல்லாம் பேச்சு. அப்படிப்பட்டவரை நாம சுவத்துல ஏத்தலாமா?"

"யார் சொன்னா?" சுந்தரராஜனின் குரல் உயர்ந்தது.

"எல்லாரும்தான் சொல்றாங்க சார். எங்கிட்டயும் பஜனைல சொன்னாங்க" என்றார் சண்முகவேல்.

ஒட்டாவா, டெலிபரேட். இந்த இரண்டு வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பெல்மாரின் முகத்திலிருந்து நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து சட்டைக் காலருக்குள் இறங்குவதை அலமு பார்த்தாள். அவர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி எழுந்தார். டம்ளர்கள் நடுங்கின.

"உட்காருங்கோ. அது பொய்" என்றாள் அலமு. தமிழில்தான் சொன்னாள்.

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னாலேயே அலமுவும். அந்த மூவர் சபைக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான் முதல்தடவை.  சுவரில் நாலு சட்டம். மூன்றில் சந்தன மாலை. ஐந்தாவது ஆணி காலியாக. பக்கத்து மேஜையில் புது மாலை ஒன்று காகிதத்திலிருந்து பாதி வெளியே வந்து கிடந்தது.

"ஸ்லோனைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டார் பெல்மார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸ்லோன் என்று யாரும் சொல்லவில்லையே.

"எடி ஸ்லோன். ஒட்டாவா. அவனுக்கு இருபத்தொரு வயசு. அன்னிக்கு மூணு தடவை என்னைத் தாண்டிப் போயிட்டான். பெஞ்சுல உக்காந்து எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நாலாவது தடவை நான் தோளைத் தாழ்த்தினேன். மேலே முட்டியிருக்கலாம். தாழ்த்தினேன்." கையால் காட்டினார், முழங்கால் உயரத்தில். "நடுவர் பாக்கலை. யாரும் பாக்கலை. என் பெண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்லை. அந்த மைதானத்துல தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. அவனுக்கும் எனக்கும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

 அறையின் மூலையில் வீட்டைச் சூடாக்கும் உலை தானாகப் பற்றிக்கொண்டு உறுமியது. அலமு அந்தக் காலி ஆணியைப் பார்த்தாள். தான் வாயில் வந்ததைச் சொன்னோம், அது எங்கிருந்து வாயில் வந்தது?

பின்னால் இதைப் பற்றிச் சண்முகவேல் விளக்கினார். பத்து வருஷம் ஆடிய எந்த கார்டும் யார் முழங்காலையாவது உடைத்தேயிருப்பான், ஒட்டாவா பக்கத்து ஊர், ஆகவே அலமு எதைச் சொல்லியிருந்தாலும் பொருந்தியிருக்கும் என்றார். இருக்கலாம். ஆனால் அன்று அந்த அறையில் அவருமே கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"அப்போ..." என்று இழுத்தார் ஸ்ரீகுமார். "இவரை ஏத்தறதுக்கில்லை."

அலமு மூச்சு விட்டாள். முடிந்தது. பேர் போனது, ஆள் தப்பித்தார்.

பெல்மார் கோட்டுப் பையிலிருந்து ஒரு தோல் பர்ஸை எடுத்தார். அதிலிருந்து மடித்து மடித்து வெள்ளையோடிப்போன ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"டாக்டர் சொல்றது சரி. என்னை வேண்டாம். இவனை வையுங்க. ரெண்டே சீசன் ஆடினான். இருந்திருந்தா ஹாமில்டன்ல முதல் தலை இவனோடதுதான். என்னைத் தாண்டினவன் அந்த லீக்லயே வேற எவனும் கிடையாது. நான் சொல்றேன், எனக்குத் தெரியாதா?"

சுந்தரராஜனின் முகம் மலர்ந்தது. ஒரு சபைக்கு இதைவிட உயர்ந்த தருணம் வருமா? உடைத்தவனே உடைபட்டவனுக்காக வாதாடுகிறான்! சண்முகவேல் கைக்குட்டையை எடுத்துவிட்டார். ஸ்ரீகுமார், மயக்க ஊசி டாக்டர், அன்றுதான் முழுதாக விழித்திருந்த மாதிரி தெரிந்தார். விவாதமே இல்லை. மூன்று கையும் ஒன்றாக உயர்ந்தன.

"அவர் இருக்காரா?" என்று கேட்டாள் அலமு.  "அந்த ஸ்லோன், உசிரோட இருக்காரா?"

"இருக்கான் மதாம். ஒட்டாவாவிலேதான். கோல் ஊன்றி நடக்கறான்."

அவள் குனிந்து போட்டோவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில். இடுப்புவரை மாவுக்கட்டு போட்ட ஒரு பையன், முன்பல் தெரியச் சிரிக்கிறான். கட்டிலோரம் உட்கார்ந்து, அந்த மாவுக்கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, இளவயசு பெல்மார். யாரோ பத்திரிகைக்காரன் விளையாட்டு வீரரின் பெருந்தன்மை என்று எடுத்த படம். ஸ்லோனின் படம் உலகத்தில் வேறு கிடைக்குமா, தெரியாது. இதில் இரண்டு தலைகளும் ஒட்டியிருந்தன.

சுந்தரராஜன் அதைத் தயாராக வைத்திருந்த சட்டத்தில் பொருத்தினார். ஆணியில் மாட்டினார். மாலையைக் கையில் எடுத்தார்.

"ஏன்னா, வேண்டாம்." எல்லோரும் திரும்பினார்கள். "அவர் மட்டும்தானே ஏறறார்? படத்தை வெட்டிடலாமே. கத்தரிக்கோல் கொண்டு வரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் தெரியாத ஒருத்தனை, ஏற்கனவே கால் போன ஒருத்தனை, மாலைக்குள் தள்ளிவிட்டுத் தன் ஆளைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளக் கேட்கிறாள். கேட்டது மட்டுமா, பாதிப் படி ஏறியும்விட்டாள்.

"வேண்டாம் மதாம்" என்றார் பெல்மார். "இருபத்தஞ்சு வருஷமா வெட்டாமத்தான் வச்சிருக்கேன்."

மாலை விழுந்தது. இரண்டு முகங்களும் அதற்குள்ளேயே அடங்கின. எல்லோரும் கைதட்டினார்கள், பெல்மார்தான் பலமாக. சந்தன வாசனை அலமுவின் பின்னாலேயே படியேறி அடுக்களைவரை வந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். விடிவதற்கு முன் புடவைமேல் கோட்டு, கோட்டுமேல் சால்வை, அலமு பெல்மார் வாசலில் பனி தள்ளுவாள், அவர் எழுந்து மண்வெட்டியைத் தொடுவதற்குள். டாக்டர் ஸ்ரீகுமாரை வாரம் ஒருதரம் வரவழைத்துப் பெல்மாருக்கு ரத்த அழுத்தம் பார்க்கவைத்தாள். அவர் வீட்டு ஜன்னல் திரை திறக்காவிட்டால் கதவைத் தட்டுவாள். "மாமிக்கு என்னவோ ஆயிடுச்சு" என்று அனுசூயா ஊருக்கு அறிவித்தாள். பெல்மாருக்கோ இத்தனை கவனிப்பில் உடம்பு தேறிக் கன்னம் பளபளத்தது. பொங்கலன்று இரண்டு தடவை சர்க்கரைப் பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒட்டாவாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அலமுவும் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை காலை, பெல்மார் கார் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு நின்றார். அதே டை.

"ஸ்லோனுக்குப் போன் பண்ணிட்டேன் மதாம்! இத்தனை வருஷம் கழிச்சு! சுவத்தைப் பத்திச் சொன்னேன். ரெண்டு தடவை சொல்லச் சொன்னான். அப்புறம், நான் பாக்கணுமேன்னான். அவனால கார் ஓட்ட முடியாது. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

அலமு திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். வாசலில் சுந்தரராஜன் கையாட்டிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் வந்துடுவா அலமு. நாலு பேருக்குச் சேத்து சாம்பார் வச்சிடு!"

"ரேடியோவிலே ஒட்டாவா பக்கம் ஐஸ் மழை, விழுந்ததும் ரோட்டுல உறைஞ்சு போறதுன்னாளே?"

"மதியத்துக்கு மேலதான்" என்றார் பெல்மார். "போகும்போது நல்லாத்தான் இருக்கும்."

போகும்போது நன்றாகத்தான் இருக்கும். திரும்பி வரும்போது படத்தில் இருக்கிற இரண்டு பேரும் அந்த ஒரே காருக்குள் இருப்பார்கள். அலமு மனசில் அது முழு வாக்கியமாகவே ஓடியது.

பஸ்ஸில் வரச் சொல்லலாமே என்றாள். கோல் ஊன்றுகிறவனையா என்றார். அடுத்த வாரம் என்றாள். அவன் சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பான் என்றார். அதற்குமேல் சொல்வதற்கு அவளிடம் ஒன்றுதான் இருந்தது. ஸ்லோன் கதையை நான்தான் கட்டிவிட்டேன், உங்களைக் காப்பாற்ற என்று நினைத்து இன்னொருத்தரையும் சேர்த்துவிட்டேன். அதைச் சொல்லியும் பார்த்தாள், தட்டுத் தடுமாறிய இங்கிலீஷில், அந்தக் குளிரில். அவர் புருவத்தைச் சுருக்கி முழுவதும் கேட்டார்.

"நீங்க கட்டிவிட்டீங்களா? அப்போ உங்களாலதான் நான் அவனைப் பாக்கப் போறேன்" என்றார். குனிந்து அவள் கையுறையை முத்தமிட்டார். அனுசூயா இதைப் பார்க்காதது ஊருக்கு நஷ்டம்.

அவர் ஓட்டுநர் பக்கம் சுற்றிப் போவதற்குள் அலமு மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். புடவையை இழுத்துச் செருகி, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"அலமு! என்ன பண்றே? இறங்கு!" சுந்தரராஜன் செருப்போடு பனியில் ஓடிவந்தார். "சாம்பார்?"

"நீங்களே வச்சுக்கோங்கோ."

"உனக்கு எதுக்கு இப்போ ஒட்டாவா?"

அவள் கண்ணாடியை இறக்கினாள். "என் படம் அந்தச் சுவத்துல இல்லைன்னா. நடுவுல நான் ஒருத்தி உக்காந்திருந்தா ரெண்டு பேர்ங்கற கணக்கு பிசகட்டும். பிசகலைன்னா, நான் பண்ணினதுக்கு நானும் இருக்கேன்."

சுந்தரராஜனுக்கு இது புரிந்ததா என்று தெரியாது. பிற்பாடு யார் கேட்டபோதும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கார் பின்வாங்கி ரோடுக்கு வந்தபோது அவர் பனியில் அப்படியே நின்றார்.

தெரு முழுக்க இருண்ட ஜன்னல்கள், விற்பனைப் பலகைகள். பெரிய சாலைக்கு ஏறி மேற்கே திரும்பியதும் பெல்மார் ஏதோ பிரெஞ்சுப் பாட்டை மூக்காலேயே முனக ஆரம்பித்தார். மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அலமு பார்த்ததில்லை. வானம் ஈயத் தகடு மாதிரி கீழே இறங்கியிருந்தது.

"மெதுவா போங்கோ" என்றாள்.

"மெதுவாத்தான் மதாம்."

மாண்ட்ரியால் தீவைத் தாண்டி ஆற்றுப் பாலம் ஏறும்போது முன்கண்ணாடியில் சின்னதாக ஏதோ விழுந்தது. "வெறும் மழை" என்றார் அவர். அலமு குனிந்து பார்த்தாள். அந்தத் துளி வழியவில்லை. விழுந்த இடத்திலேயே நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றது.